சூரிய சக்தி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரையில் சோலார் போடலாமா என்று யோசிக்கிறவர்கள், விஞ்ஞானப் பாடத்தில் சந்தேகம் வந்த பிள்ளைகள், வெயிலை நம்பி நெல்லும் கருவாடும் காயப்போடுகிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. பாடக் கேள்வியையும் பில் கேள்வியையும் ஒன்றாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நாம் பயன்படுத்தும் சக்தி ஏறக்குறைய எல்லாமே வெயில்தான்; எப்போது விழுந்த வெயில் என்பதில்தான் வித்தியாசம். அதைப் பிடித்துக்கொண்டால் கரண்ட் பில் முதல் சூறாவளி வரை நிறைய விளங்கும்.

சூரியன் எரிந்துகொண்டிருக்கிறதா?

இல்லை. எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும், எரிய ஏதாவது வேண்டும். சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்து எரிந்திருந்தால் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளில் சாம்பலாகியிருக்கும். ஆனால் அதற்கு வயது சுமார் 460 கோடி ஆண்டுகள்.

அங்கே நடப்பது கரு இணைவு. சூரியனின் நடுவில் வெப்பம் ஒன்றரைக் கோடி பாகை செல்சியஸ், அழுத்தமும் பயங்கரமானது. அந்த நிலையில் ஐதரசன் கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஈலியம் ஆகின்றன. ஒவ்வொரு செக்கனும் ஏறக்குறைய 60 கோடி தொன் ஐதரசன் இப்படி மாறுகிறது. கிடைக்கும் ஈலியத்தை நிறுத்துப் பார்த்தால் 40 இலட்சம் தொன் குறையும். அந்தக் குறைந்த திணிவுதான், 1905இல் ஐன்ஸ்டைன் காட்டிய சமன்பாட்டின்படி, ஒளியும் வெப்பமுமாக வெளியே வருகிறது.

சூரியன் பெரும்பாலும் ஐதரசனால் ஆனது என்பதை 1925இல் தன் ஆய்வேட்டில் எழுதியவர் சிசிலியா பெய்ன் என்ற இளம் பெண். அந்தக் காலத்துப் பெரிய வானியலாளர்கள் அதை நம்பவில்லை. சில ஆண்டுகளில் அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இன்னும் பெரிதாக அச்சாக வேண்டும் என்பது என் விருப்பம். இணைவு எந்த வழிகளில் நடக்கிறது என்பதை 1939இல் விளக்கியவர் ஹான்ஸ் பெத்தே.

நமக்கு வரும் வெளிச்சம் 8 நிமிடம் பழையது என்கிறார்கள். உண்மையா?

சூரியனின் மேற்பரப்பிலிருந்து கணக்கிட்டால் உண்மை. 15 கோடி கிலோமீற்றரைக் கடக்க ஒளிக்கு 8 நிமிடமும் 20 செக்கனும் போகிறது. ஆனால் நடுவில் பிறந்த சக்தி மேற்பரப்புக்கு வந்து சேரவே பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே அவ்வளவு நெருக்கம். ஒவ்வொரு அடியிலும் மோதி, திசை மாறி, திரும்பத் திரும்ப உறிஞ்சப்பட்டுத்தான் வெளியே வருகிறது.

பூமிக்கு எவ்வளவு கிடைக்கிறது? நமக்கு எவ்வளவு?

சூரியன் எல்லாப் பக்கமும் வீசுவதில் பூமியின் மேல் விழுவது இருநூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் துளியே, முழு உலகமும் ஓராண்டில் செலவழிக்கும் சக்தியை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்துவிடுகிறது.

வளிமண்டலத்துக்கு மேலே, சூரியனுக்கு நேராக வைத்த ஒரு சதுர மீற்றருக்கு 1,361 வோட் விழுகிறது. பூமிக்கு வரும் மொத்தத்தில் சுமார் 30 சதவீதம் முகிலிலும் கடலிலும் மணலிலும் பட்டு விண்வெளிக்கே திரும்பிப் போகிறது. முகில் இல்லாத நண்பகலில் கல்லடிக் கடற்கரையில் ஒரு சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 1,000 வோட் கிடைக்கும். காலையையும் மாலையையும் முகிலையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நம் பக்கத்தில் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 5 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். யூனிட் என்பது பில்லில் வரும் அதே யூனிட்தான்: 1,000 வோட் ஒரு மணி நேரம்.

100 சதுர மீற்றர் கூரை உள்ள வீட்டின் மேல் அப்படியானால் தினமும் 500 யூனிட் வெயில் விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் அது கூரைச் சீற்றைச் சூடாக்கிவிட்டுப் போய்விடுகிறது.

எல்லாம் வெயில் என்றால், டீசலும் வெயிலா?

ஆம். எவ்வளவு பழைய வெயில் என்று வரிசையாகப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

மிகப் புதியது பின்னேரத்துக் கடற்காற்று. காலையில் விழுந்த வெயிலில் தரை கடலைவிட விரைவாகச் சூடாகிறது, தரைக்கு மேலே உள்ள காற்று எழும்புகிறது, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. பாய் கட்டி ஓடும் தோணிக்கு எரிபொருள் அன்று காலை வெயில்தான்.

அடுத்தது சோறு: மூன்று, நான்கு மாத வெயில். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தின் அணைக்குக் கீழே சுமார் 11 மெகாவோட் நீர்மின் நிலையம் ஒன்று உண்டு. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி மாரியில் வங்காள விரிகுடாவிலிருந்து ஆவியாகி வந்த மழை. கடலைத் தூக்கி மலையில் ஊற்றிய வேலையைச் செய்தது வெயில். நாம் அது இறங்கும்போது பிடித்துக்கொள்கிறோம். தேங்காய்ச் சிரட்டை ஓராண்டு வெயில். அடுப்பில் வைக்கும் முதிரை விறகு ஐம்பது ஆண்டு வெயிலாகவும் இருக்கலாம். வாவியில் பிடிக்கும் இறாலும் மீனும்கூட இந்தக் கணக்கில்தான் வரும்: கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வெயிலைச் சாப்பாடாக்குகின்றன, இறால் அதை உண்கிறது, பெரிய மீன் இறாலை உண்கிறது. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு அளவுதான் மேலே போகிறது.

டீசலும், நுரைச்சோலையில் எரிக்கும் நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய வெயில். கடற்பாசிகளும் சதுப்பு நிலத்து மரங்களும் அன்று பிடித்த ஒளி மண்ணுக்குள் அமுங்கி அப்படி ஆனது. ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட்டுக்குச் சமமான சக்தி இருக்கிறது. அதை எரிக்கும்போது அந்த மரங்களும் பாசிகளும் அன்று காற்றிலிருந்து எடுத்த காபனை ஒரே அடியாகத் திருப்பி விடுகிறோம். புவி சூடாவதன் அடிப்படை இதுதான். விறகு எரித்தாலும் காபன் வரும், ஆனால் அது நேற்று முன்தினம் காற்றில் இருந்த காபன். வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளர்ந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

சூரியனிலிருந்து வராத சக்தி எதுவும் நம் பக்கத்தில் உண்டா?

உண்டு. அம்பாறை மாவட்டத்தின் மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. கையை வைக்க முடியாத சூட்டில் வருகிறது. அந்தச் சூடு பூமியின் உள்ளிருந்து வருவது: பூமி உருவானபோது எஞ்சிய வெப்பமும், யுரேனியம், தோரியம் போன்ற மூலகங்கள் சிதையும்போது வரும் வெப்பமும். வெயில் இல்லாமல் போனாலும் அந்த ஊற்று கொதிக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியும் அதே உள்வெப்பத்தின் வழியில் வந்ததுதான். பூமியின் உள்ளே இருக்கும் வெப்பம் பெரும் பாறைத் தட்டுகளை மெதுவாக நகர்த்துகிறது; சுமாத்திராவுக்கு அப்பால் பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம் சில நிமிடங்களில் அவிழ்ந்தது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அந்த அலையில் சூரியனுக்குப் பங்கில்லை.

வற்றுப்பெருக்கு முக்கியமாகச் சந்திரனின் ஈர்ப்பு. சூரியனின் ஈர்ப்பும் கொஞ்சம் சேரும், ஒளி இல்லை. நம் கரையில் அது மிகச் சிறியது, மின்சாரம் எடுக்கும் அளவுக்குப் போதாது.

அப்போ 1978 சூறாவளி?

அது முழுக்கச் சூரிய சக்தி. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நேரில் கண்டவர்கள் இன்னும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் படுத்ததை அவர்கள் வாயால் கேட்க வேண்டும். சூறாவளிக்கு எரிபொருள் சூடான கடல். கடல்மேற்பரப்பு 26, 27 பாகைக்கு மேல் இருந்தால் ஏராளமான நீராவி எழும்புகிறது. மேலே போய் அது முகிலாகக் குளிரும்போது, ஆவியாக எடுத்துக்கொண்ட வெப்பத்தை அங்கே விடுகிறது. அந்த வெப்பம்தான் காற்றைச் சுழற்றுகிறது. வெயில் மாதக்கணக்காகக் கடலில் சேர்த்தது சில நாட்களில் செலவாகிறது. கரையேறியதும் வலுவிழப்பதற்கும் இதுவே காரணம்: கீழே சூடான தண்ணீர் இல்லை.

வெயில் கடுமையான மாதங்களில் சூரியன் கிட்ட வருகிறதா?

நேர்மாறானது. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், தைப்பொங்கலுக்குச் சில நாள் முன்னர். மிகத் தூரத்தில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். வித்தியாசம் 50 இலட்சம் கிலோமீற்றர். மொத்தத் தூரத்தில் அது மூன்று சதவீதத்தை ஒட்டியது.

நமக்கு முக்கியம் சூரியன் எந்த உயரத்தில் நிற்கிறது, முகில் எவ்வளவு என்பவைதான். ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும், பிறகு ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு வருகிறது. நிழல் காலடிக்குள் போய்விடும். லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் பார்க்க நட்ட குச்சியின் நிழலைக் கவனித்தவர்களுக்கு இது புதிதில்லை. நடு ஆண்டில் அடிக்கும் கச்சான் காற்று இன்னொரு காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மறுபக்கத்தில் கொட்டிவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. வெயிலை விட அந்தக் காற்றுத்தான் ஆளை வாட்டுகிறது.

வயலில் விழும் வெயிலில் எவ்வளவு நெல்லாகிறது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,000 சதுர மீற்றர். நாளொன்றுக்கு 5 யூனிட் வீதம் 100 நாளில் 20 இலட்சம் யூனிட் வெயில் அந்த ஏக்கரில் விழுகிறது. 2,000 கிலோ நெல் கிடைத்தால் அதில் இருக்கும் சக்தி 8,000 யூனிட்டை ஒட்டியது. அதாவது ஆயிரத்தில் நான்கு பங்கு. வைக்கோலையும் சேர்த்தால் இரட்டிப்பாகலாம்.

மிகக் குறைவாகத் தெரிகிறதா? இலை எல்லா நிறத்தையும் எடுப்பதில்லை, பச்சையை ஓரளவு திருப்பி விடுகிறது. நாற்று சின்னதாக இருக்கும்போது வெயில் பெரும்பாலும் தண்ணீரில்தான் விழுகிறது. பயிர் இரவில் சுவாசிக்கவும் தான் பிடித்ததில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் அந்த நான்கு பங்கில்தான் சம்மாந்துறை, அக்கரைப்பற்று, வெல்லாவெளி வட்டைகள் எல்லாம் சோறு போடுகின்றன.

கதிர் பால் பிடிக்கும் நாட்களில் வெயில் குறைந்தால் பதர் கூடும். வாய்க்கால் தண்ணீர் தவறாமல் வந்தால் சிறுபோகப் பயிருக்கு வெயில் தாராளம். தண்ணீருக்கு அடுத்து வெள்ளாமையைத் தீர்மானிப்பது ஒளி. உரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் ஒளியைப் பற்றிப் பேசுவதில்லை.

றோட்டில் நெல் காயப்போடுவதும் சூரிய சக்திதானா?

அதுதான் நம் மாவட்டங்களின் மிகப் பெரிய சூரியத் தொழில், யாரும் அதை அப்படிச் சொல்லாவிட்டாலும். வெட்டிய நெல்லில் ஈரம் 22 சதவீதம் என்று வைப்போம். களஞ்சியத்துக்கு 14 சதவீதமாக இறங்க வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பதும் அதுதான். ஒரு தொன் நெல்லிலிருந்து 93 கிலோ தண்ணீரை ஆவியாக்கினால்தான் அந்த அளவு வரும். அதற்குக் குறைந்தது 60 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் தேவை. இயந்திரத்தில் காயவைத்தால் வீணாவதையும் சேர்த்து அதைவிட அதிகம். ஆறு லீற்றர் டீசலுக்கு மேல். வெயில் இந்த வேலையைப் பில் போடாமல் செய்கிறது.

தார் றோட்டின் ஓரம் ஆபத்தானது, கல்லும் சேரும். கறுத்தப் படங்கை வீட்டு முற்றத்திலோ களத்திலோ விரித்து, மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறினால் போதும். நண்பகல் கடும் வெயிலில் தடிப்பாகக் கிடந்தால் மேல் நெல் சடுதியாகக் காய்ந்து, குற்றும்போது குறுணல் கூடும்.

சோலார் தகடு எப்படி மின்சாரம் செய்கிறது?

ஒளி துணிக்கைகளாக வருகிறது. சிலிக்கனில் பட்ட ஒளித்துணிக்கை ஓர் இலத்திரனைத் தட்டி விடுவிக்கிறது. சிலிக்கனின் இரண்டு பக்கமும் வெவ்வேறு மூலகங்கள் சிறிதளவு கலக்கப்பட்டிருப்பதால், விடுபட்ட இலத்திரன் ஒரு பக்கமாகத்தான் போக முடியும். அந்த ஓட்டம்தான் கரண்ட். அசைவது எதுவும் இல்லை, தேய்வதும் அதனால் குறைவு.

ஒளிபட்டால் மின்சாரம் வரும் என்பதைப் பிரான்சில் எட்மண்ட் பெக்கரல் 1839இல் கண்டார். பயன்படும் சிலிக்கன் மின்கலம் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வந்தது; விழும் ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைப்பவை 20 முதல் 23 சதவீதம். ஒற்றை அடுக்குச் சிலிக்கனுக்கு 30 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய இடத்தில் இயற்கையே எல்லை போட்டிருக்கிறது, அதனால் 80 சதவீதத் தகடு வந்துவிட்டது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

கச்சான் காலத்துக் கொதி வெயிலில் அதிகம் கிடைக்குமா?

ஒளி அதிகம், ஆனால் சூடு எதிரி. நண்பகலில் கூரைத் தகடு 60 பாகையைத் தாண்டும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறைவதால், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தகட்டுக்கும் சீற்றுக்கும் இடையில் காற்று ஓட ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லுங்கள். கூரையோடு ஒட்டி அடிப்பவர்களை ஏற வைக்காதீர்கள்.

மாரியில்?

குறையும். நவம்பர் முதல் ஜனவரி வரை முகில் மூடிய நாட்களில் பாதியோ அதற்கும் கீழோ. விடாமல் கொட்டும் நாளில் கால்வாசிகூட வராது. ஆண்டு முழுக்கச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், டிசம்பர் மாதத்தை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம்.

எத்தனை கிலோவோட் போட வேண்டும்? எந்தத் திசை?

நம் பக்கத்தில் ஒரு கிலோவோட் தகடு சராசரியாக நாளுக்கு 4 யூனிட், மாதம் 120 யூனிட் அளவு தரும். இடம் 5 சதுர மீற்றர் வேண்டும். கடந்த ஓராண்டுப் பில்களை எடுத்து மாதச் சராசரியை 120ஆல் பிரித்தால் தேவை தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் 5 கிலோவோட் போட்டார்கள் என்பது ஒரு கணக்கே இல்லை.

ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. மற்ற ஏழு மாதமும் தெற்கே. ஆகவே தெற்கு நோக்கி ஏறக்குறைய 10 பாகைச் சாய்வு நல்லது. நாம் மத்தியகோட்டுக்கு அருகில் இருப்பதால் கிழக்கோ மேற்கோ பார்த்த கூரையிலும் இழப்பு சொற்பம். தென்னையின் நிழல்தான் பெரிய எதிரி: தகட்டின் ஒரு மூலையில் ஓலை நிழல் விழுந்தாலே வரிசை முழுக்கப் படுத்துவிடலாம்.

கடற்கரையில் உப்புக்காற்று தகட்டைத் தின்னுமா?

கண்ணாடியைத் தின்னாது, ஆணியையும் கம்பியையும் தின்னும். துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளும், தடித்த பூச்சுள்ள அலுமினியச் சட்டமும் கேட்டு வாங்குங்கள். காகத்தின் எச்சமும் உப்புப் படலமும் சேர்ந்தால் உற்பத்தி குறையும். விடிகாலையில், தகடு சூடேற முன்னர், நல்ல தண்ணீரில் கழுவினால் சரி. கிணற்று நீர் உவராக இருந்தால் மழைநீர். சூறாவளி வரும் கரை இது என்பதால், சட்டம் ஓட்டோடு நிற்காமல் கைமரத்தோடு இறுகியிருக்கிறதா என்பதை நீங்களே ஏறிப் பாருங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை ஏற்றுங்கள்.

கரண்ட் போனால் என் வீட்டுச் சோலாரும் ஏன் நின்றுவிடுகிறது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், கோபத்தோடும் கேட்கிறார்கள். காரணம் பாதுகாப்பு. சாதாரண இன்வேட்டர் வெளியே உள்ள மின்கம்பியின் துடிப்பைப் பார்த்து, அதோடு ஒத்துத்தான் கரண்ட் தருகிறது. கம்பி செத்ததும் தானும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் உங்கள் கூரை வெளியே கரண்ட் தள்ளினால், அறுந்த கம்பியைத் திருத்த மின்கம்பத்தில் ஏறியவர் உயிர் போகும். மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமானால் பற்றரியும், வீட்டை வெளிக்கம்பியிலிருந்து தானாகப் பிரிக்கும் வகை இன்வேட்டரும் தேவை. வாங்கும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

நல்ல வெயில் நாளில் சோலாரை நிறுத்தச் சொன்னார்களே, ஏன்?

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டது. முந்திய பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் வந்த கோளாறு நாட்டையே இருட்டாக்கியிருந்தது.

மின்வலையில் ஆக்கமும் செலவும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும். நீர்மின், நிலக்கரி நிலையங்களில் பல தொன் எடையுள்ள சுழலிகள் ஓடுகின்றன. பாரம் ஏற்றி ஓடும் மாட்டுவண்டி சட்டென்று நிற்காததைப்போல, எங்காவது கோளாறு வந்தால் அவை சில செக்கன்கள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் மற்றவை ஈடுகொடுக்கும். சோலாரில் சுழல எதுவும் இல்லை. விடுமுறை நண்பகலில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், செலவு குறைவு, வெயிலோ உச்சம். சுழலிகளை நிறுத்த வேண்டிவரும். அந்த நேரம் வலை மெலிந்து நிற்கிறது.

அதே நாள் இரவு 7 மணிக்கு நிலைமை தலைகீழ். மாலை 6.30 முதல் 10.30 வரைதான் நாட்டின் செலவு உச்சம், அப்போது வெயில் இல்லை, டீசல் எரிகிறது. வெயிலில் நமக்குக் குறைவில்லை, குறைவது நேரம். தகட்டின் விலை பல ஆண்டுகளாக இறங்கிவிட்டது. இனிப் பேச வேண்டியது பகல் வெயிலை இரவுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பற்றித்தான். நெல் அதை மணியாகச் சேர்க்கிறது, சேனாநாயக்க சமுத்திரம் தண்ணீராகச் சேர்க்கிறது. மின்சாரத்துக்கு நாம் அந்த ஏற்பாட்டை இன்னும் போதிய அளவு செய்யவில்லை.

அப்போ பற்றரி வாங்கலாமா?

முதலில் செலவை நகர்த்திப் பாருங்கள். தண்ணீர் மோட்டர், சலவை இயந்திரம், இஸ்திரிக்கை, அரைக்கும் வேலை எல்லாவற்றையும் காலை 10 மணிக்கும் பின்னேரம் 2 மணிக்கும் இடையில் வைத்தால் பற்றரி வாங்காமலே பாதித் தூரம் போய்விடலாம். மேலே உள்ள தாங்கியில் பகலில் ஏற்றி வைத்த தண்ணீரும் ஒரு வகைச் சேமிப்புத்தான்.

அதற்குப் பிறகும் தேவை என்றால் லித்தியம் வகை. விலை கூட, ஆனால் ஈயப் பற்றரியைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும். எந்தப் பற்றரிக்கும் சூடு ஆகாது. சீற்றுக்குக் கீழே வைக்காமல் நிழலும் காற்றும் உள்ள அறையில் வையுங்கள். மின்சாரத்தைத் திருப்பி விற்கும் விலைகள் பல தடவை மாறியிருப்பதால், கையெழுத்திடும் நாளில் உங்கள் பிரதேச மின் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயல் காணியில் சோலார் பண்ணை போடலாமா?

வவுணதீவில் 10 மெகாவோட் சூரிய மின் நிலையம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். ஒரு ஏக்கரில் தகடு தரும் சக்தி நெல் தருவதைவிடப் பல பத்து மடங்கு. ஆனால் கரண்டை உண்ண முடியாது. இரண்டு போகமும் விளையும் காணியைத் தகட்டால் மூடுவதை நான் ஏற்கமாட்டேன். ஆலைகள், பாடசாலைகள், பள்ளிவாசல்கள், கோயில் மண்டபங்கள், வாழைச்சேனைத் துறைமுகக் களஞ்சியங்கள் என்று எத்தனையோ கூரைகள் வெறுமனே கிடக்கின்றன. அவை நிரம்பிய பிறகு தரிசு நிலம்; அதற்கும் பிறகுதான் இந்தப் பேச்சு.

தகடு செய்யப் போன சக்தியை அது திருப்பித் தருமா?

தரும். நம்மைப்போல வெயில் உள்ள இடத்தில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள். அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கிறது, ஆண்டுக்கு அரை சதவீதம் அளவு குறைந்துகொண்டு.

சோலார் போட வசதி இல்லை. எங்களுக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. இருட்டான குசினிக்கு மேலே ஒரு சீற்றை எடுத்துவிட்டு ஒளி புகும் சீற் போட்டால் பகலில் லயிட் தேவையில்லை. மற்றச் சீற்றுகளில் வெள்ளை பூசினால் வெயில் திரும்பிப் போகும், உள்ளே காற்றாடிச் செலவும் குறையும்.

கருவாடு போடுகிறவர்களுக்கு உலர்த்திப் பெட்டி. பலகையால் நீளமான சாய்ந்த பெட்டி, உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே கண்ணாடி அல்லது தடித்த பிளாஸ்ரிக், கீழ் வாயிலும் மேல் வாயிலும் நுளம்பு வலை. கீழிருந்து வரும் காற்று சூடேறி மீனைத் தடவி மேலால் போகும். உள்ளே 50 பாகையை ஒட்டி வரும். ஈ மொய்க்காது, மணல் ஒட்டாது, திடீர் மழைக்கு ஓடிப்போய் வாரவும் வேண்டாம். சூடு மிகவும் கூடினால் மீன் அவிந்துவிடும், அதனால் மேல் வாயைத் தாராளமாகத் திறந்து வையுங்கள். வலையும் பலகையும் ஊரிலேயே கிடைக்கும். ஒரு தச்சர் ஒரு நாளில் அடித்துவிடுவார்.